டெல்டாவில் பணம் ஏமாறுவது பேராசையாலா?

வாசகர் கேள்வி, 9 அக்டோபர் 2025

மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி என்று எவனோ சொன்னால் ஓடிப்போய்க் கொட்டுகிறார்கள். கம்பெனி பூட்டியதும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து அழுகிறார்கள். பேராசை பெருநஷ்டம் என்று தெரியாதா? நம் வரிப்பணத்தில் இவர்களுக்கு ஏன் திருப்பித் தர வேண்டும்? டெல்டாக்காரர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

9 அக்டோபர், இரவு

நான் நீடாமங்கலம் பக்கம் பத்திரம் எழுதுகிறவன். நீங்கள் சொல்லும் ஆட்களில் பலர் பணம் போடுவதற்கு முன் என் மேசைக்கு வந்தவர்கள். அரை மா நிலத்தை விற்க வந்திருப்பார்கள், இல்லை வீட்டை அடமானம் வைக்க. கம்பெனி பூட்டிய பிறகு மிச்சம் இருப்பதை விற்கவும் அதே மேசைக்குத்தான் வருகிறார்கள்.

முதலில் வரிப்பணம். ஒரு ரூபாய்கூடக் கிடையாது. 1997-ல் தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, டான்பிட் என்பார்கள். ஏமாற்றியவனின் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, கிடைத்ததை விகிதப்படி பிரித்துக் கொடுக்கிறார்கள். சென்னை, கோவை, மதுரையில் அதற்கென்று தனி நீதிமன்றம் இருக்கிறது. வருகிற பணம் பெரும்பாலும் போட்டதில் ஒரு பங்குதான், அதுவும் பல வருடம் கழித்து.

அடுத்து பேராசை. கணவனை இழந்த ஒரு அக்கா வந்தார். இன்சூரன்ஸ் பணம் கையில் இருந்தது. அது போதவில்லை என்று மனைக்கட்டில் ஒரு பகுதியை விற்று இரண்டு லட்சமாக ஆக்கப் பார்த்தார். ஏன் என்று கேட்டேன். "மாசம் கொஞ்சம் வந்தா பொண்ணு ஹாஸ்டல் ஃபீஸ் கட்டிடலாம்ண்ணே" என்றார். கார் வாங்கவோ பங்களா கட்டவோ அவர் கேட்கவில்லை. இதற்குப் பேராசை என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

10 அக்டோபர்

ஒருவர் கேட்டிருக்கிறார்: பத்து வட்டி எங்கிருந்து வரும் என்று யோசிக்க மாட்டார்களா?

யோசிக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது பேங்க் வட்டியோடு இல்லை, நெல்லோடு. ஏக்கருக்கு நாற்பது கிலோ மூட்டை அறுபது கண்டால் நல்ல விளைச்சல். அது 24 குவிண்டால். 2025-26 பருவத்தில் கொள்முதல் நிலையத்தில் பொது ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய். ஆக அறுபதாயிரம். உழவு, நடவு, உரம், மருந்து, அறுவடை மெஷின் வாடகை எல்லாம் போக இருபதோ இருபத்தைந்தாயிரமோ கையில் நின்றால் அது நல்ல போகம். சம்பா என்றால் அதற்கு ஐந்தாறு மாதம் உழைக்க வேண்டும். நடுவில் மழை பிடித்தால் மூட்டை களத்திலேயே முளைத்துவிடும். இந்த அக்டோபரில் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

அந்த ஏக்கரை அடமானம் வைத்து இரண்டு லட்சம் போட்டால் மாதம் இருபதாயிரம் என்கிறான் ஒருவன். ஒரு போகத்து லாபம் ஒரே மாதத்தில். இவர் விவசாயத்தை வெறுத்தவர் இல்லை, சலித்துப்போனவர். சலித்தவனிடம் கணக்கு பேசுவது சுலபம்.

12 அக்டோபர்

இன்று முழுக்க ஒரு விஷயம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ திட்டம் இந்தப் பக்கம் வந்து போயிருக்கிறது. "உங்கள் பணத்தை நெல் வியாபாரத்தில் போட்டு மாதம் பத்து வட்டி தருகிறேன்" என்று ஒருவனாவது சொன்னானா? நான் கேட்டதே இல்லை. சொன்னால் டீக்கடையிலேயே கணக்குப் போட்டு விரட்டிவிடுவார்கள். நெல்லில் என்ன நிற்கும் என்று இங்கே பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும்.

அதனால் லாபம் வரும் இடத்தை எப்போதும் நம் கண் எட்டாத தூரத்தில் வைப்பான். துபாய்த் தங்கம், ஃபாரெக்ஸ், கிரிப்டோ, ஆஸ்திரேலியப் பறவை. அந்தப் பறவையை, ஈமு கோழியை, வளர்க்கும் திட்டம் 2012-ல் பெருந்துறைப் பக்கம் விழுந்தபோது பணம் போட்டவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் ஈமுக் கறி சாப்பிட்டிருப்பார்கள்? 1920-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் சார்லஸ் போன்சி சொன்னதும் இதே மாதிரிதான். வெளிநாட்டுத் தபால் கூப்பனை மலிவாக வாங்கி இங்கே மாற்றினால் லாபம், 45 நாளில் 50 சதவீதம் தருகிறேன் என்றான். கூப்பன் உண்மையிலேயே இருந்தது. அவன் வாங்கிய பணத்துக்கு ஈடாக உலகத்திலேயே அத்தனை கூப்பன் புழக்கத்தில் இல்லை. பின்னால் வந்தவன் பணத்தை எடுத்து முன்னால் வந்தவனுக்குக் கொடுத்தான்.

நம் கும்பகோணத்தில் 2021-ல் என்ன ஆனது? பணம் ஒரு வருடத்தில் இரட்டிப்பு என்று இரண்டு சகோதரர்கள் சொன்னதாகப் புகார், 600 கோடி என்று ஊர்ச்சுவரில் போஸ்டர், ஆகஸ்டில் கைது. பத்திரிகைகள் அவர்களை "ஹெலிகாப்டர் சகோதரர்கள்" என்றே எழுதின. குற்றமா இல்லையா என்பதைக் கோர்ட் சொல்லட்டும். நான் சொல்ல வருவது ஹெலிகாப்டரைப் பற்றி. வயல் மேல் ஹெலிகாப்டர் பறப்பதைப் பார்த்த ஊரில், அதை வைத்திருப்பவனிடம் பேலன்ஸ் ஷீட் காட்டு என்று யார் கேட்பார்கள்?

12 அக்டோபர், பின்னிரவு

"ஆனால் வட்டி ஒழுங்காக வந்ததே" என்று கேட்டவருக்கு: மாதம் பத்து என்றால் முதல் பத்து மாதம் நீங்கள் கொடுத்த முதலைத்தான் உங்களுக்கே திருப்பித் தருகிறான். நூறு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டால் அவன் கையில் ஒரு கோடி. அதில் மாதம் பத்து லட்சம் போகும். புதிதாக ஒருவரும் சேராவிட்டால்கூடப் பத்து மாதம் அவன் நாணயஸ்தன். அந்தப் பத்து மாதத்தில் நூறு பேரும் தங்கள் சொந்தக்காரர்களை அழைத்து வந்துவிடுவார்கள்.

2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு சோதனை போட்ட ஆருத்ரா என்ற கம்பெனியில் ஒரு லட்சத்துக்கு மாதம் இருபத்தைந்து முப்பதாயிரம் என்று சொல்லியிருந்தார்கள். போலீஸ் கணக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், 2,438 கோடி. அவ்வளவு அதிக வட்டியில் நான்கு மாதத்துக்குள் முதல் தீர்ந்துவிடும். அதற்குள் அடுத்த கூட்டம் வந்து சேர்ந்தாக வேண்டும்.

15 அக்டோபர்

வலங்கைமான் நண்பர் என்னை மறுத்து எழுதியிருக்கிறார். "கண் எட்டாத தூரம் என்கிறீர்களே, இரிடியம் மோசடியில் காட்டுவது நம் ஊர்க் கோயில் கலசத்தைத்தானே? தினம் கும்பிடுகிற பொருள்தானே?"

நியாயமான கேள்வி. இதை விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் கோபுரம் நிறைந்த ஊர்களில்தான் இந்தக் கதை நன்றாக எடுபடுகிறது.

கதை இப்படிப் போகும்: பழைய கலசத்தில் பல தடவை இடி விழுந்து செம்பு இரிடியமாக மாறிவிட்டது, அரிசியைப் பக்கத்தில் கொண்டுபோனால் இழுக்கும், வெளிநாட்டு விண்வெளிக்காரர்கள் ஆயிரம் கோடிக்கு வாங்கத் தயார். ரைஸ் புல்லர் என்று இதற்குப் பெயரே இருக்கிறது. இடி விழுந்தால் செம்பு செம்பாகத்தான் இருக்கும். இரிடியம் என்பது பிளாட்டினம் வகை உலோகம், 1803-ல் கண்டுபிடித்தது. பெரும்பகுதி தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் பிளாட்டினத்தோடு சேர்ந்து கிடைக்கிறது. ஸ்பார்க் பிளக் முனையில்கூட வைக்கிறார்கள். அது அரிசியை இழுக்காது. மறைத்து வைத்த காந்தமும் இரும்புத்தூள் தடவிய அரிசியும் இருந்தால் யாரும் இழுத்துக் காட்டலாம். கலசத்துக்குள் தானியம் இருப்பது நிஜம், குடமுழுக்கின்போது வரகு மாதிரி தானியங்களை நிரப்புவார்கள். கலசம், தானியம் இரண்டும் சேர்ந்து மனசில் இருப்பதால் அரிசி இழுக்கிற கதை உள்ளே சுலபமாக நுழைகிறது.

பணம் எங்கே பறிபோகிறது என்றால் "டெஸ்டிங்"கில். கதிர்வீச்சு இருக்கிறது, பாதுகாப்பு உடை போட்ட விஞ்ஞானி வர வேண்டும், அவருக்கு முன்பணம். பிறகு மழை, விஞ்ஞானி வரவில்லை, மறுபடி முன்பணம். இன்னொரு வகையும் உண்டு. இரிடியம் ஏற்கெனவே விற்றாகிவிட்டது, பணம் ரிசர்வ் வங்கியில் முடங்கிக் கிடக்கிறது, வரி கட்டினால் வெளியே வரும், இப்போது ஒரு லட்சம் கொடுத்தால் அப்போது ஒரு கோடி என்பார்கள். ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட பொய்க் காகிதம் காட்டுவார்கள். ரிசர்வ் வங்கியின் புகாரின் பேரில் 2025 செப்டம்பரில் சிபிசிஐடி தமிழ்நாடு முழுக்கப் பலரைக் கைது செய்தது.

வலங்கைமான் நண்பருக்கு என் பதில்: பொருள் பக்கத்தில் இருந்தாலும் அதை வாங்குகிறவன் தூரத்தில்தான் இருக்கிறான். ஆனால் இதில் வேறொரு பூட்டும் இருக்கிறது. கோயில் கலசத்தை வாங்கி விற்கப் பார்த்தேன் என்று எந்த ஸ்டேஷனில் போய்ச் சொல்வது? பணம் போனவன் வாயைத் திறக்க முடியாது. நிதி கம்பெனியில் போட்டவர்களை நான் மேலே பரிந்து பேசினேன். கலசத்துக்கு முன்பணம் கொடுத்தவர் விஷயத்தில் அந்தப் பரிவு எனக்கு அவ்வளவாக வரவில்லை.

18 அக்டோபர்

இதை எழுதலாமா என்று இரண்டு மூன்று நாளாக யோசித்தேன். அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். பக்கத்து நான்கைந்து கிராமத்தில் முப்பது, நாற்பது வயதில் இருப்பவர்கள் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். ஒரு கம்பெனி அவரை ஏஜென்ட் ஆக்கியது. அவர் முதலில் தன் ஓய்வூதியப் பணத்தைப் போட்டார், வட்டி வந்தது, பிறகு கேட்டவர்களுக்குச் சொன்னார். யார் வீட்டுக்கும் போய் அவர் வற்புறுத்தவில்லை. அதற்கு அவசியமே இருக்கவில்லை.

கம்பெனி பூட்டிய பிறகு தன் வீட்டை விற்க வந்தார். கிரயப் பத்திரம் நான்தான் எழுதினேன். நான்கெல்லை சொல்லும்போது கிழக்கே யார் வீடு, வடக்கே யார் கொல்லை என்று நிதானமாகச் சொன்னார், வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி. பதிவு முடிந்ததும் வாங்கியவரை அப்படியே நிற்கச் சொன்னார். பையிலிருந்து கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்தார். தெரு வாரியாகப் பெயர், போட்ட தொகை, திரும்பி வந்த வட்டி, மிச்சம். எல்லாம் அவர் கையெழுத்தில், சிவப்பு மையில் கூட்டல். வாசல் திண்ணையிலேயே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். சித்தாள் வேலை பார்க்கிற ஒரு பெண் வாங்க மறுத்தாள். "வாத்தியார்கிட்ட போய் எப்படி வாங்கறது" என்றாள். அவர் அவளை அதட்டினார். "எண்ணிப் பாத்து வாங்கு, அப்பறம் கையெழுத்துப் போடு" என்றார். அவள் அழுதுகொண்டே எண்ணினாள்.

எல்லாருக்கும் போதவில்லை. நோட்டில் பாதிப் பெயர் மிச்சம் இருந்தது.

இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அந்தக் கம்பெனிக்காரன் கொண்டுவந்த மூலதனம் என்ன? ஒரு மேசை, ஒரு போர்டு, ஒரு அச்சடித்த ரசீதுப் புத்தகம். மற்றதெல்லாம் வாத்தியாருடைய முப்பது வருட நல்ல பெயர். அதை அவன் கைமாற்றாக வாங்கிச் செலவழித்துவிட்டுப் போய்விட்டான்.

19 அக்டோபர்

"அந்த வாத்தியாரும் கமிஷன் வாங்கினார்தானே?" ஆமாம், வாங்கினார். நாளை எழுதுகிறேன், இன்று பட்டாசுக் கடையில் தம்பிக்குத் துணையாக நிற்க வேண்டும்.

22 அக்டோபர்

தீபாவளியால் தாமதம். தீபாவளி என்றதும் இன்னொன்று. ஒருவர் எல்லாச் சீட்டையும் ஒழித்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா தீபாவளிச் சீட்டு நடத்துகிறார். வாரம் நூறு ரூபாய். தீபாவளிக்கு முன் ஸ்வீட், பட்டாசு, ஒரு எவர்சில்வர் பாத்திரம், மிச்சம் பணமாக. பல வருடமாக ஒரு ரூபாய் குறைந்ததில்லை. நடவு வேலைக்குப் போகிற பெண்களுக்கு வீட்டுக்காரர் கையில் சிக்காத ஒரே சேமிப்பு அது. அதைப் போய் ஆருத்ராவோடு சேர்த்துப் பேசக் கூடாது.

சட்டப்படி ஏலச்சீட்டு நடத்த 1982-ம் வருடச் சீட்டு நிதிச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு குரூப்பையும் பதிவு செய்ய வேண்டும், சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பிணை வைக்க வேண்டும். நடத்துபவர் கமிஷன் 5 சதவீதமாக இருந்தது, 2021 திருத்தத்தில் 7 ஆனது. வித்தியாசத்தைப் பார்க்க ஒரு வழி: சீட்டில் லாபம் எங்கிருந்து வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அவசரத்துக்கு எடுத்தவர் தள்ளிக் கொடுத்ததுதான் மற்றவர்களுக்கு வருகிறது. வெளியூரிலிருந்து எதுவும் வருவதாக யாரும் சொல்வதில்லை.

நகைச்சீட்டு ஏன் பதினொரு மாதம் என்று ஒருவர் கேட்டார். பொருளுக்காக வாங்கும் முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. தாண்டினால் அது டெபாசிட் ஆகிவிடும். "பதினொரு மாதம் கட்டுங்கள், மூன்று வருடம் இங்கேயே வையுங்கள், மாத வட்டி தருகிறோம்" என்று கடைக்காரர் சொன்னால் அன்றே கணக்கை முடித்துவிடுங்கள்.

26 அக்டோபர்

வாத்தியார் விஷயம். கமிஷன் வாங்கினார். அதனால் அவர் பெயரும் புகாரில் வந்தது. இதைப் பற்றி எனக்கு இரண்டு மனசு இருக்கிறது.

வீட்டை விற்றுக் கொடுத்தவரையும் விமானம் ஏறியவனையும் ஒரே வரியில் எழுதுவதைப் பார்க்க வயிறு எரிகிறது. ஆனால் அந்த ஹாஸ்டல் ஃபீஸ் அக்காவின் பக்கத்தில் நின்று பார்த்தால்? அவர் கம்பெனிக்காரன் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவர் பணம் கொடுத்தது தெருவில் இருக்கும் ஒருவரிடம். "இது எனக்குத் தெரியாத வியாபாரம்" என்று அந்தத் தெருக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனைக்கட்டு இன்றும் அக்கா பெயரில் இருக்கும். கமிஷன் வாங்குகிறவருக்கு விசாரிக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது என்றுதான் நினைக்கிறேன். வாத்தியாரிடமே இதைச் சொன்னேன். "சரிதான்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஏஜென்ட் ஆகச் சொல்லி உங்களை யாராவது கூப்பிட்டால், அது உங்கள் திறமைக்குக் கிடைத்த வேலை இல்லை. உங்கள் மேல் ஊர் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு அவன் விலை பேசுகிறான்.

2 நவம்பர்

போனில் நடப்பது பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாக. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, பின் போட்டால் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். வீடியோ காலிலேயே கைது செய்துவிட்டதாக மிரட்டும் "டிஜிட்டல் அரெஸ்ட்" எந்தச் சட்டத்திலும் கிடையாது. பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

நான் சேர்க்க விரும்புவது காலம் பற்றி. ஆட்கள் சும்மா வருவதில்லை. கொள்முதல் பணம் கணக்கில் ஏறும் மாதங்களில் வருகிறார்கள். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நாலுவழிச் சாலைக்கு நிலம் எடுத்து இழப்பீடு வந்தபோது, எந்தெந்த வீட்டுக்கு வந்தது என்று எனக்குத் தெரிவதற்கு முன் திட்டக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

5 நவம்பர்

மன்னார்குடித் தம்பிக்கு: கம்போடியாவில் டேட்டா என்ட்ரி, சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் போகாதே. 2022-ல் மியான்மரின் மியாவாடியில் மாட்டியவர்களில் நம் தமிழ்ப் பையன்கள் இருந்தார்கள். தாய்லாந்தில் வேலை என்று சொல்லி எல்லை தாண்டிக் கொண்டுபோய், அங்கே உட்கார்ந்து மற்றவர்களை ஏமாற்றச் சொல்லி அடித்தார்கள். இங்கே நம் அம்மாவுக்குப் போன் போடுகிறவன் சில சமயம் இப்படி மாட்டிய பையனாகவே இருக்கலாம். ஏஜென்ட்டின் உரிம எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார். உரிமம் உள்ளவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். உன்னிடம் மூன்று லட்சம் கேட்டான் என்றால் அதிலேயே பதில் இருக்கிறது.

9 நவம்பர்

"கவர்மென்ட்ல ரிஜிஸ்டர் ஆன கம்பெனி, சுவரில் சர்டிபிகேட் மாட்டியிருக்கிறார்கள்" என்று எழுதியவருக்கு.

நானும் பார்த்திருக்கிறேன். கண்ணாடி ஃப்ரேமில் ஜிஎஸ்டி சான்று, சிறுதொழிலுக்கான உத்யம் சான்று, கம்பெனிப் பதிவுச் சான்று. மூன்றும் உண்மையானவையாகவே இருக்கும். மூன்றில் எதுவும் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி தராது. டீக்கடைக்குக்கூட உத்யம் பதிவு வாங்கலாம்.

டெபாசிட் வாங்க அனுமதி பெற்ற நிதி நிறுவனமே வருடத்துக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நிதி என்று பெயர் வைத்த கம்பெனிகளும் உறுப்பினரிடம் மட்டும்தான் வாங்கலாம், அங்கேயும் அதே உச்சவரம்புதான். ஆகவே மாதம் இரண்டு சதவீதம் என்று சொன்னாலே வருடத்துக்கு 24 ஆகிவிட்டது, சட்டத்தை மீறியாகிவிட்டது. மேற்கொண்டு சுவரைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்தில் பெயரைத் தேடலாம், புகாரும் போடலாம். பேங்கில் போட்டால் ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு, 2020-ல் ஒரு லட்சத்திலிருந்து உயர்த்தினார்கள்.

14 நவம்பர்

மாமனாரின் பணம் பற்றிக் கேட்ட பாபநாசம் சகோதரிக்கு.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மாமனாரிடம் பணம் வாங்கியவன் இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் "கைமாற்றுக் கடன் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். டெபாசிட் என்ற பெயரே வராமல் இருக்க இப்படிச் செய்கிறார்கள். பயப்பட வேண்டாம். 2019-ல் வந்த முறைப்படுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டத்தில், திருப்பித் தருவதாகச் சொல்லிக் கடன் என்ற பெயரில் வாங்கியதும் டெபாசிட்தான். ஊரில் பல பேரிடம் இதே மாதிரி வாங்கியிருந்தால் அதுவே பெரிய ஆதாரம்.

ஏஜென்ட் வந்து "புதுக் கம்பெனி பெயரில் மாற்றித் தருகிறேன், ஒரிஜினலைக் கொடுங்கள்" என்று கேட்பதாக எழுதியிருந்தீர்கள். எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். அந்தக் காகிதம் போனால் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. "கோர்ட்டில் பணம் ரெடி, ஸ்டாம்ப் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று போன் வந்தால் அதுவும் பொய்.

மாமனார் யாரிடமும் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவரைத் தனியாக விடாதீர்கள், திட்டவும் வேண்டாம். அதே ஏஜென்ட்டிடம் போட்ட மற்ற வீட்டாரையும் கூட்டி, ஒன்றாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் மனு கொடுங்கள். ஸ்டாம்ப் பேப்பர், ரசீதுகள், பணம் போன பேங்க் ஸ்டேட்மென்ட், ஆதார், வாட்ஸ்அப்பில் அவன் அனுப்பிய செய்திகள், எல்லாவற்றுக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ். செவ்வாய்க்கிழமை பதிவுக்கு ஆள் குறைவாகத்தான் வருவார்கள், மாமனாரையும் அழைத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிடுங்கள். மனுவை நான் எழுதித் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம்.